பல் ஈறு வியாதியும் அதைத் தடுக்கும் உபாயமும்

கோவளம் முதல் மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரையிலுள்ள கடற்கரைக் குப்பங்களிலும், அவற்றிற்கு மேற்கே திருக்கழுக்குன்றம், செங்கற்பட்டு ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், விடியற்காலையில் பல் துலக்குவோரில் அநேகர் தாங்கள் கொப்பளித்து உமிழும் நீரில் சிவப்பு நிறம் கலந்திருப்பதைக் காண்பதுண்டு. கண்டவர்கள் காலால் மண்ணைத் தள்ளி அதை மூடிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போகின்றனர். உள்ளங்கையில் காயமேதுமின்றித் தினந்தோறும் இரத்தம் கசியுமானால் அன்றைக்கே வைத்தியரைத் தேடி ஓடுகிற மனிதர், வாயில் கசியும் இரத்தத்தை மாத்திரம் வருஷக்கணக்காகப் பொருட்படுத்துவதில்லை. வலி இல்லாததே இதற்குக் காரணம். வலிக்காத ஒன்றை வியாதி என்று ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை.

பல் விழுவது முதுமையின் இயற்கை என்றும், நாற்பது ஐம்பது வயதில் பல் ஆடத் தொடங்குவது தலைமயிர் நரைப்பதைப் போன்றதே என்றும் ஜனங்கள் எண்ணியிருக்கின்றனர். இது பிழையான எண்ணம். நரைக்குப் பரிகாரமில்லை. பல் ஆட்டத்துக்கோ இருபது வருஷங்களுக்கு முன்னமே பரிகாரம் இருந்தது. அதைச் செய்யவேண்டிய காலம் இதுவே என்று அறிவித்ததுதான் அந்தச் சிவந்த எச்சில். 2002–03-ஆம் வருஷத்தில் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் தேசமெங்கும் நடத்திய பரிசோதனையில், 12 வயதுச் சிறுவர்களில் 100-க்கு 57 பேரிடத்திலும், 35 முதல் 44 வயது வரையுள்ளவர்களில் 100-க்கு ஏறக்குறைய 90 பேரிடத்திலும் ஈறு வியாதியின் ஏதாவதொரு படி காணப்பட்டது. ஆகவே இது எங்கோ சிலருக்கு வரும் வியாதியன்று. வீட்டுக்கு வீடு இருப்பது.

ஈறின் அமைப்பு

பல்லானது தாடை எலும்பில் அறைந்த ஆணியைப் போல நேரே எலும்பைத் தொட்டு நிற்பதன்று. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்கள் எண்ணிறந்தன ஓடி இரண்டையும் பிணைத்திருக்கின்றன. கடினமான பதார்த்தத்தைக் கடிக்கும்போது பல் மயிரிழையளவு அமுங்கி மீள்வது இந்நார்களினாலேயே. இவற்றின் மேலே ஈறானது பல்லின் கழுத்தைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொண்டு, வாயிலுள்ள அழுக்கு உள்ளே இறங்காதபடி காவல் செய்கின்றது.

கரையில் படகைக் கட்டும் முளையைச் சுற்றி மண் இறுகியிருக்கும் வரையில், அலை படகை எவ்வளவு இழுத்தாலும் முளை அசையாது. அடிமண் அரித்துப்போன பின்பு, வைரம் பாய்ந்த மரமாயினும் நில்லாது. ஈறு வியாதியில் கெடுவது முளையன்று. அதைத் தாங்கும் மண்ணே. சொத்தை சிறிதுமில்லாத பற்கள் முழுதாகக் கழன்று விழுவதன் இரகசியம் இதுதான். பல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, “நல்ல பல்லாயிற்றே” என்று வியப்பவர்கள், பல் நின்ற இடத்தைக் குறித்து எண்ணுவதில்லை.

வியாதி உண்டாகும் விதம்

எவ்வளவு நன்றாகத் துலக்கிய பல்லின்மேலும் சில மணி நேரத்திற்குள் மெல்லிய பிசின் போன்ற ஒரு படலம் படியத் தொடங்குகின்றது. ஒரு நாள் முழுவதும் துலக்காத பல்லை, ஈறோரத்தில் நகத்தால் சுரண்டினால் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒட்டிக்கொண்டு வருவது இதுவே. உண்ட சோற்றின் மிச்சம் என்று இதை அநேகர் நினைக்கின்றனர். உண்மையில் இது பெரும்பாலும் கிருமிகளின் கூட்டம்.

இதை முதன்முதலாகக் கண்டவர் வைத்தியர் அல்லர் என்பது விந்தை. சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் துணி வாணிகம் செய்துவந்த அதே 17-ஆம் நூற்றாண்டில், அவர்களுடைய சொந்த நாட்டில் டெல்ப்ட் என்னும் நகரத்தில் துணிக்கடை வைத்துப் பிழைத்த லேவன்ஹூக் என்பவர், தாமே கண்ணாடி தேய்த்துப் பூதக்கண்ணாடிகள் செய்துவந்தார். 1683-ஆம் வருஷத்தில் அவர் தம் பல்லிடுக்கிலிருந்து ஈரமாவு போன்ற வெண்பொருளைச் சிறிது எடுத்து மழைநீரில் கலந்து பார்த்தபோது, அதில் மிகச் சிறிய உயிர்கள் நெளிந்தும் சுழன்றும் திரிவதைக் கண்டு, லண்டன் ராயல் சொஸைட்டிக்குக் கடிதம் எழுதினார். அவர் தினந்தோறும் உப்பால் பல் தேய்ப்பவர். அப்படியிருந்தும் பல்லிடுக்கில் அப்பொருள் தங்கியிருந்தது என்பது கவனிக்கத் தக்கது. இக்கரையில் உப்பால் பல் துலக்குவோருக்கும் இது பொருந்தும். உப்பு எதுவாயினும், விரல் நுழையாத இடத்தில் உப்பும் நுழையாது.

இப்படலத்தை அகற்றாமல் விட்டால், எச்சிலில் கரைந்துள்ள சுண்ணச் சத்து அதில் ஊறி, ஓரிரு நாளிலேயே இறுகத் தொடங்குகின்றது. இதற்குப் பற்காரை என்று பெயர் வைத்தவர்கள் பொருத்தமாகவே வைத்தனர். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைக் குழைத்துப் பூசும்போது கரண்டிக்கு இணங்குகின்ற காரை, உலர்ந்தபின் உளிக்கும் எளிதில் மசிவதில்லை. பற்காரையும் அப்படியே. படலமாக இருக்கும் வரையில் துலக்கினால் போய்விடும். காரையான பின்பு எப்படித் துலக்கினும் போகாது. எச்சில் சுரந்து வாயில் விழும் இடங்களாகிய கீழ்முன்பற்களின் உட்புறத்திலும், மேல்கடைவாய்ப் பற்களின் கன்னப்புறத்திலும் இது மிகுதியாகப் படியும். காரையின் சொரசொரப்பான மேற்புறம் புதுப்படலம் ஒட்டுவதற்கு நல்ல இடமாகி விடுகின்றது.

கிருமிகளோடு தேகம் செய்யும் போராட்டத்தால் ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் இரத்தம் கசிவதாகின்றது. இது முதற்படி, ஈறு அழற்சி என்பர். இந்தப் படியில் எலும்புக்குக் கேடில்லை. 1965-ஆம் வருஷத்தில் டென்மார்க்கு தேசத்து ஆர்ஹூஸ் நகரில் லோ என்னும் பல் வைத்திய ஆசிரியரும் அவருடைய துணைவர்களும், ஈறு நலமாயிருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்திவைக்கும்படி செய்து பார்த்தனர். 10 நாள் முதல் 21 நாளுக்குள் ஒருவர் தவறாமல் யாவருக்கும் ஈறு அழன்றது. மறுபடியும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழையபடி நலமாயிற்று. இதனால் இரண்டு விஷயங்கள் தெளிவாயின: ஈறு அழற்சிக்குக் காரணம் படலமே, அதை அகற்றினால் ஈறு மீளும்.

இரண்டாம் படியில் இவ்வாறு மீளுதல் இல்லை. அழற்சி உள்ளே இறங்கி, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பை போன்ற பள்ளத்தை உண்டாக்கி, நார்களை அறுத்து, எலும்பைக் கரைக்கின்றது. இவ்வாறு போன எலும்பு பழையபடி தானாக வளர்வதில்லை.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்

ஈறு வியாதியை அதன் போக்கில் விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதைப் பற்றி உலகத்திலுள்ள பல் வைத்தியர்கள் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி, தமிழ்த் தொழிலாளர் வாயிலிருந்தே தெரியவந்தது. மேற்சொன்ன லோ என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் 1970-ஆம் வருஷத்தில் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்துவந்த 480 ஆண்களைப் பரிசோதிக்கத் தொடங்கினர். தமிழ்நாட்டிலிருந்து அங்கே குடியேறினவர்களின் சந்ததியார் அவர்கள். வயது 14 முதல் 31 வரையில். பல் துலக்கும் வழக்கம் அவர்களிடத்தில் ஏறக்குறைய இல்லை. பல் வைத்தியம் எட்டாத வஸ்துவாக இருந்தது. ஆனால் பல் சொத்தையும் அவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. ஆகையால் அவர்கள் இழந்த பற்கள் ஈறு வியாதியினாலேயே இழந்தவை என்று ஐயமின்றிச் சொல்லக் கூடியதாயிற்று.

1985-ஆம் வருஷம் வரையில், 15 வருஷகாலம் மீண்டும் மீண்டும் அளந்து பார்த்ததில் அவர்கள் மூன்று வகையாகப் பிரிந்தனர். 100-க்கு 8 பேருக்கு வியாதி மிக வேகமாக ஓடியது. அவர்கள் இருபது வயதுக்குப் பின் பல் இழக்கத் தொடங்கி, 35 வயதில் 12 பற்களையும், 45 வயதில் எல்லாப் பற்களையும் இழந்தனர். 100-க்கு 81 பேருக்கு நடுத்தர வேகம். 45 வயதில் சுமார் 7 பற்கள் போயின. 100-க்கு 11 பேருக்கு மாத்திரம் ஈறு அழன்றிருந்ததேயன்றி அதற்கு மேல் வியாதி இறங்கவேயில்லை. மூவகையாரிடத்தும் படலமும் காரையும் ஏராளமாகவே இருந்தன. வேற்றுமை அவரவர் தேகத்தின் இயல்பில் இருந்தது.

கிராமங்களில் சிலர், “எங்கள் பாட்டனார் ஒருநாளும் பல் துலக்கினவரல்லர், எண்பது வயதிலும் கரும்பு கடித்தார்” என்று சொல்லக் கேட்கலாம். அது பொய்யன்று, பாட்டனார் அந்த 11 பேரில் ஒருவராயிருந்திருக்கக் கூடும். ஆனால் பேரன் எந்த வகையைச் சேர்ந்தவன் என்பதை இருபது வயதில் கண்ணாடியைப் பார்த்து அறிய வழியில்லை. பல் ஆடிய பின் அறிந்தும் பயனில்லை.

அதே காலத்தில் நார்வே தேசத்து ஓஸ்லோ நகரில், சிறு வயதுமுதல் ஒழுங்காகப் பல் வைத்தியரைக் கண்டுவந்த இளைஞர்களையும் அவர்கள் பரிசோதித்தனர். 40 வயதை எட்டும்போது, பல்லைப் பிடித்திருக்கும் நார்களின் இழப்பு ஓஸ்லோவாசிகளுக்குச் சராசரி ஒன்றரை மில்லிமீட்டர். தோட்டத் தொழிலாளருக்கு நாலரை மில்லிமீட்டர். பரிசோதனை நெடுங்காலம் தொடர்ந்து, 2010-ஆம் வருஷத்தில் பழைய 480 பேரில் 75 பேரைக் கண்டு மறுபடியும் பரிசோதித்தனர். இந்த அறிவு நூல்களில் அழகான கோடுகளாக வரையப்பட்டிருக்கின்றது. அதற்கு விலை கொடுத்தவர்கள், முப்பத்தைந்து வயதில் சோற்றை மென்று தின்ன மாட்டாமற்போன அம்மனிதர்கள் என்பதையும் படிப்போர் மறத்தல் தகாது.

அடையாளங்கள்

நலமான ஈறு பல்லைக் கவ்வி இறுக்கமாயிருக்கும். இரண்டு பற்களுக்கு நடுவே கூர்மையாக ஏறி நிற்கும். தேகநிறம் கறுத்தவர்களுக்கு ஈறிலும் கருந்திட்டுகள் இருப்பது இயல்பேயன்றி நோயன்று. துலக்கும்போதோ, கரும்பு, கொய்யா முதலியவற்றைக் கடிக்கும்போதோ இரத்தம் வருவது முதல் அடையாளம். காலையில் எழுந்ததும் தலையணையில் இரத்தக்கறை இருப்பதும் அப்படியே. ஈறின் ஓரம் தடித்து உருண்டு பளபளப்பாவதும், கொப்பளித்த பின்னும் வாயில் துர்நாற்றம் நீங்காதிருப்பதும் அடுத்தவை. துர்நாற்றத்தைத் தானே அறிவது கடினம். வீட்டார் சொன்னால் கோபங்கொள்ளாமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வியாதி இரண்டாம் படிக்கு இறங்கியதற்கு அடையாளங்கள் வேறு. ஈறு கீழிறங்கிப் பல் நீண்டுவிட்டதுபோல் தோன்றும். குளிர்ந்த நீர் பட்டால் கூசும். முன்பு நெருங்கியிருந்த முன்பற்கள் விசிறிபோல் விரிந்து நடுவே சந்து விடும். சோறும் மீன்முள்ளும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சிக்கும். விரலால் ஈறை அழுத்தினால் பல்லோரத்தில் சீழ் தோன்றும். கடைசியாகப் பல் ஆடும். பல் ஆடுவதையே முதல் அடையாளமாக எண்ணி அப்போது வைத்தியரிடம் வருபவர்களே பெரும்பாலோர்.

வைத்தியர் இதை ஊகித்துச் சொல்வதில்லை. மில்லிமீட்டர் கோடுகள் உள்ள மெல்லிய கோல் ஒன்றை ஈறோரத்தில் நோகாமல் இறக்கி ஆழம் பார்ப்பார். நலமான ஈறில் அது 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இறங்கும். 4-க்கு மேற்பட்டால் அங்கே பை உண்டாயிருக்கின்றது என்று கொள்ளலாம்.

ஈறில் இரத்தம் வருவதெல்லாம் இந்த வியாதியன்று என்பதையும் அறியவேண்டும். பழைய காலத்தில் நீண்ட கப்பற்பயணம் செய்த மாலுமிகளுக்கு ஈறு வீங்கி அழுகி, பற்கள் விழுந்து, மரணமும் நேர்ந்தது. 1747-ஆம் வருஷத்தில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர் 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்ததில், ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவில் தேறினர். அது ‘ஸி’ வைட்டமின் குறைவால் வரும் வியாதி. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, கீரை இவை கிடைக்கும் கிராமத்தில் அது அருமை. ஆதலின் இரத்தம் கசிந்தவுடன் வைட்டமின் மாத்திரை வாங்கி விழுங்கி, படலத்தை அப்படியே விட்டுவைப்பது பிரயோஜனமற்ற செய்கை. ஜுரத்தோடு ஈறில் இரத்தம் வந்தால், அது டெங்கு ஜுரத்தின் அபாய அடையாளமாயிருக்கக் கூடும். தோலில் காரணமின்றிச் செந்நீலத் தழும்புகள் தோன்றி ஈறிலும் இரத்தம் நில்லாமல் வந்தால் இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். இவ்விரண்டிலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

வியாதியை வளர்ப்பவை

புகையிலை முதன்மையானது. அதன் கேடு இரட்டிப்பானது. பீடி, சுருட்டுப் பிடிப்பவர்களுக்கு ஈறிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கி விடுகின்றமையால், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் வெளியே இரத்தம் கசிவது குறைவு. எச்சரிக்கை மணியின் நாக்கையே புகையிலை அறுத்து விடுகின்றது. “எனக்கு இரத்தமே வருவதில்லை” என்று சொல்லும் புகைப்பவர், அதனால் தம் ஈறு நலமாயிருக்கின்றது என்று எண்ணிவிடலாகாது. வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்வதும், முதியோர் சிலர் மூக்குப்பொடியை ஈறில் தேய்த்துக்கொள்வதும் அந்த இடத்து ஈறை நேரே அரிக்கின்றன. புகையிலை சேராத பாக்கும் வாய்ப்புற்றுக்குக் காரணமாகும் என்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கம் 2004-ஆம் வருஷத்தில் முடிவு கூறியிருக்கின்றது. ஆறாத புண்ணும், வாய் திறக்கமாட்டாமையும் ஈறு வியாதியன்று. அவற்றை உடனே காட்டவேண்டும்.

சர்க்கரை வியாதி இரண்டாவது. கட்டுக்கடங்காத சர்க்கரை உள்ளவருக்கு ஈறு வியாதி வரும் அபாயம் ஏறக்குறைய மும்மடங்கு. அது மாத்திரமன்று, ஈறில் ஓயாத அழற்சி இருந்தால் சர்க்கரையும் எளிதில் அடங்குவதில்லை. ஈறுக்குச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு சிறிது குறைவது கண்டறியப்பட்டிருக்கின்றது. 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க வீட்டுக்கு வரும் ஊழியரிடத்தில், ஈறில் இரத்தம் வருவதையும் சொல்லிவைப்பது நலம். பல் ஆடி வந்தவரிடத்தில் முதன்முதலாகச் சர்க்கரை வியாதி கண்டுபிடிக்கப்படுவதும் உண்டு.

கர்ப்பிணிகளுக்கு ஈறு எளிதில் வீங்கும். “பிள்ளைத்தாய்ச்சி பல் துலக்கினால் இரத்தம் போய்ப் பலவீனமாகும்” என்று மூத்தோர் சிலர் தடுப்பதுண்டு. அதன்படி துலக்காமலிருந்தால் படலம் பெருகி இரத்தம் அதிகமாகுமேயன்றிக் குறையாது. வலிப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் சில மருந்துகளால் ஈறு தடித்து வளர்வதுண்டு. அப்போது மருந்தைத் தாமே நிறுத்திவிடாமல், கொடுத்த டாக்டரிடம் சொல்லவேண்டும்.

தடுக்கும் முறை

பல் துலக்குவதன் நோக்கம் பல்லை வெளுப்பாக்குவதன்று. ஈறோரத்துப் படலத்தைத் துடைப்பது. இதை மறந்ததினாலேயே செங்கற்பொடி, கடற்கரை மணல், அடுப்புக்கரி, உமிக்கரி முதலியவற்றால் முன்பற்களை மாத்திரம் பலமாகத் தேய்க்கும் வழக்கம் ஏற்பட்டது. இவை பல்லின் கழுத்தைத் தேய்த்துக் குழியாக்கி ஈறைக் கீழே தள்ளுகின்றன. படலம் தங்கும் இடுக்குகளோ தொடப்படாமலே கிடக்கின்றன.

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பது பொய்யான வார்த்தையன்று. வேப்பங்குச்சியைப் பென்சில் கனத்தில் புதிதாக ஒடித்து, நுனியை மென்று மிருதுவான நாராக்கி, ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கி மெல்ல வாரித் துலக்கினால் பலனுண்டு. நுனியை மெல்லாமல் கட்டையாகவே வைத்துக் குறுக்கே இழுத்தால் ஈறு கிழியும். எப்படியாயினும் கடைவாய்ப் பல்லின் பின்புறத்துக்கும் கீழ்ப்பல்லின் உட்புறத்துக்கும் குச்சி எட்டுவது அருமை. அங்கேதான் காரை மிகுதி என்பது முன்னமே சொல்லப்பட்டது. ஆதலின் மிருதுவான நாருள்ள பிரஷே மேலானது.

பிரஷைப் பல்லின்மேல் நேராக வைக்காமல், நார்கள் ஈறோரத்தை நோக்கிச் சாய்ந்து பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி வைத்து, இடத்தை விட்டு நகராமல் சிறிது அசைத்துப் பின் பல்லின் நுனிப்பக்கம் வாரவேண்டும். வெளிப்புறம், உட்புறம், மெல்லும் புறம் என்று ஒழுங்காகப் போனால் இரண்டு நிமிஷம் பிடிக்கும். புளோரைடு சேர்ந்த பசையில் பெரியோருக்கு ஒரு கடலையளவு போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு அரிசியளவே வேண்டும். குழந்தைக்கு ஏழெட்டு வயது வரையில் பெரியவர் ஒருவரே துலக்கிவிட வேண்டும். நார்கள் விரிந்து போன பிரஷ் விளக்குமாறு தேய்ந்தது போன்றது. மூன்று மாதத்தில் மாற்றுவது வழக்கம். ஒருவர் பிரஷை மற்றவர் உபயோகிக்கலாகாது.

கடலுக்குப் போகும் குடும்பங்களுக்கு ஒரு சங்கடமுண்டு. விடியுமுன் இருட்டில் படகு தள்ளுகிறவர் நிதானமாகப் பல் துலக்கிக்கொண்டிருக்க முடியாது. கரை திரும்பியதும் மீனைப் பார்ப்பாரேயன்றிப் பல்லைப் பார்ப்பவரல்லர். ஆகையால் அவர்கள் இராச்சாப்பாட்டுக்குப் பின் துலக்குவதை முக்கியமாகக் கொள்ளவேண்டும். மற்றவர்க்கும் இரவு துலக்குவதே காலையில் துலக்குவதைவிடப் பயன் மிகுந்தது. உறக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவதால், வாயில் விட்டுவைத்த படலம் தடையின்றி வளரும். காலையில் மாத்திரம் துலக்கும் இந்நாட்டு வழக்கம் கிருமிகளுக்கு முழு இரவையும் இனாமாகக் கொடுக்கின்றது.

பல்லிடுக்கைச் சுத்தம் செய்யப் பல் வைத்தியர் காட்டும் நூலையோ சிறு பிரஷையோ உபயோகிக்கலாம். ஊக்கு, தீக்குச்சி, தூண்டில் முனை இவற்றால் குத்துவது ஈறைப் புண்ணாக்கும். ஈறில் ஏறிய மீன்முள் எளிதில் வராவிட்டால் தோண்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். உள்ளே முறிந்த முள் சீழ்க்கட்டியாகும். ஒரு தம்ளர் வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளிப்பது வீங்கிய ஈறுக்கு இதமளிக்கும், துலக்குவதற்குப் பதிலாகாது.

இரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் விலக்கித் துலக்குவதே ஜனங்கள் செய்யும் பெரும் பிழை. அந்த இடமே அதிகமாகத் துலக்கவேண்டிய இடம். முதல் சில நாள் இரத்தம் வரத்தான் செய்யும். மிருதுவான பிரஷால் விடாமல் துலக்கிவந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் குறைந்து நிற்கும். நிற்கவில்லையானால் உள்ளே காரை இருக்கின்றது என்று அறிந்து வைத்தியரிடம் போகவேண்டும்.

சிகிச்சை

மாமல்லபுரத்துச் சிற்பியின் கையில் உளி வேண்டாத கல்லை மாத்திரம் நீக்கி வேண்டியதைத் தொடாமல் விடுகின்றது. அப்பழக்கமில்லாதவன் உளியைப் பிடித்தால் மூக்கு போகும். காரையை நீக்குவதும் அத்தகைய வேலையே. கத்தி முனையாலும் ஊசியாலும் வீட்டில் சுரண்டிக்கொள்வது தகாது. தெருவில் பெட்டி வைத்திருப்பவர் ஊற்றும் திராவகமும் பல்லையே அரிக்கும். செங்கற்பட்டு அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பல் வைத்தியப் பகுதியில் இதற்குத் தேர்ந்தவர்கள் இருக்கின்றனர். அக்கல்லூரி 1965-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது.

காரையை எடுத்தால் பல் ஆடும், பல்லுக்கு நடுவே சந்து விழும் என்ற பயம் எங்கும் பரவியிருக்கின்றது. இந்தப் பயத்திற்கு ஓர் ஆதாரம் உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை. எலும்பு கரைந்த இடத்தில் காரை அடைத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்தபின் முன்பே உண்டாயிருந்த சந்து கண்ணுக்குத் தெரியும். வீங்கியிருந்த ஈறு வற்றுவதால் பல் சிறிது நீண்டு காணும். சில நாள் கூசும். இவையாவும் வியாதி செய்த சேதத்தின் கணக்கேயன்றி, வைத்தியர் செய்ததன்று. பழைய வீட்டுச் சுவரில் உப்புப் பூத்து உதிரும் பூச்சைக் கொத்தியெடுத்தால்தான் உள்ளே செங்கல் எவ்வளவு அரித்திருக்கின்றது என்று தெரியும். பூச்சை விட்டுவைத்தால் செங்கல் பிழைக்கப் போவதில்லை. பை ஆழமாயிருந்தால் வேரையும் சுத்தம் செய்வர். சிலருக்கு ஈறைத் திறந்து செய்யவேண்டியும் வரும். சிறிது ஆடும் பல் இவ்வாறு பல வருஷம் நிலைத்துவிடுவதுண்டு. மிகவும் ஆடுவதை எடுத்தே ஆகவேண்டும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை கெடும் என்பதற்கு ஆதாரமேயில்லை. அந்த வயதில் வெள்ளெழுத்து வருவதும் பல் எடுப்பதும் ஒன்றாக நேர்வதால் ஜனங்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டனர்.

முதல் நாள் பரிசோதனையில் ஒவ்வொரு பல்லிலும் கோல் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதை வைத்தியர் குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்பின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, ரேஷன் அட்டையோடு பத்திரப்படுத்தி, ஆறு மாதங்கழித்து மறுபடி போகும்போது எடுத்துச் செல்ல வேண்டும். முன்பு 5 என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது 3 வந்திருந்தால், இராத்துலக்கல் பலித்தது என்று நோயாளி தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். 6 ஆகியிருந்தால், எந்தப் பல்லின் எந்தப் புறத்தில் பிரஷ் எட்டவில்லை என்பதை அந்தச் சீட்டே காட்டும்; அவ்விடத்தைக் கண்ணாடியில் காட்டச்சொல்லி, வைத்தியரின் முன்பாகவே ஒருமுறை துலக்கிக் காட்டிவிட்டு வரவேண்டும்.